கூடாரம், குழந்தை, தூரிகை: அமெரிக்க மேற்கை வரைந்த பெண்கள்

1872இல் யெல்லோஸ்டோன் நிலப்பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது அமெரிக்க அரசு. அதே ஆண்டில் அந்தப் பள்ளத்தாக்கைத் தாமஸ் மோரன் தீட்டிய மாபெரும் ஓவியத்தைப் பத்தாயிரம் டாலர் கொடுத்து நாடாளுமன்றம் வாங்கியது. மோரன் அதற்கு முந்தைய ஆண்டு ஹேடன் தலைமையிலான நில அளவைக் குழுவோடு அங்கே போய் வந்தவர். குதிரைகள், சமையற்காரர்கள், படைவீரர்களின் காவல் என்று எல்லா வசதியும் அந்தக் குழுவுக்கு இருந்தன. ஓவியருக்குப் பார்ப்பதும் வரைவதும் மட்டுமே வேலை.

அமெரிக்க மேற்கு என்றால் நம் கண்முன் வருவது இப்படிப் போய் வந்த ஆண்கள் தீட்டிய காட்சிதான். பனி மூடிய சிகரம், அதன் கீழே அசையாத ஏரி, எங்கோ ஒரு மான். அல்லது குதிரை, துப்பாக்கி, தொப்பி. பியர்ஸ்டாட், மோரன், ரெமிங்டன், ரஸ்ஸல் என்ற பெயர்களைக் கலை வரலாற்று நூல்கள் அடுக்கிச் செல்கின்றன. அந்த மேற்கில் பெண்கள் இருந்தார்கள். வரையவும் செய்தார்கள். அவர்கள் எப்படி வரைந்தார்கள், அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்த்துக்கொண்டார்கள், கூலியை யார் வாங்கினார்கள், பெயர் யாருடையதாக நின்றது என்பவைதான் இந்தக் கட்டுரையின் கேள்விகள்.

ஆண்களின் அந்தக் காட்சிகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பெரும்பாலும் நிலம் ஆளற்றுக் கிடக்கும். அப்படிக் கிடந்தால்தான் அது 'கன்னி நிலம்' ஆகும், கைப்பற்றத் தக்கதாகும். நிலத்தைப் பெண்ணுடலாகக் காணும் இந்தப் பழக்கம் அமெரிக்க எழுத்தில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை அனெட் கொலோட்னி 1975இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். திணையைப் பாடம் நடத்துகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த வெறுமை உடனே உறுத்தும். நம் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றால் விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழ்பவர்களின் தொழிலையும் சேர்த்துத்தான் நிலம். தொழிலை அழித்துவிட்டு வரைந்த நிலத்தில் அங்கே வாழ்ந்த ஷோஷோனி மக்களும் இல்லை, விறகு பொறுக்கிய பெண்ணும் இல்லை.

அந்தத் தொழிலைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முதலில் பேச வேண்டியவர் மேரி ஹாலக் ஃபூட். 1847இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க் நகரின் கூப்பர் யூனியனில் பெண்களுக்கென்று நடந்த வடிவமைப்புப் பள்ளியில் படித்தார். கல்யாணத்துக்கு முன்பே பத்திரிகைகளும் பதிப்பகங்களும் தேடி வந்த ஓவியர் அவர். 1876இல் சுரங்கப் பொறியாளரான ஆர்தர் ஃபூட்டை மணந்தார். அதன்பிறகு கணவருக்கு வேலை கிடைத்த இடமெல்லாம் அவருடைய ஊராயிற்று. கலிபோர்னியாவின் நியூ அல்மடன் பாதரசச் சுரங்கம், கொலராடோவின் லெட்வில், பிறகு ஐடஹோவில் பாய்சி ஆற்றங்கரை.

ஐடஹோவில் ஆர்தர் ஒரு பெரிய பாசனத் திட்டத்தைக் கனவு கண்டார். முதலீடு வராமல் அது ஆண்டுக்கணக்கில் இழுத்து நொடித்தது. அந்த ஆண்டுகளில் மூன்று குழந்தைகளுடைய குடும்பத்தைத் தாங்கியதில் பெரும்பங்கு மேரியின் ஓவியத்துக்கும் கதைகளுக்கும் உண்டு. அவர் வரைந்த முறையைத் தெரிந்துகொண்டால் அந்த உழைப்பு புரியும். தொடக்க காலத்தில் வெள்ளை பூசிய மரக்கட்டையின் மேல் நேரடியாக வரைய வேண்டும். செதுக்குபவர் அந்தக் கோடுகளின் வழியே கட்டையைச் செதுக்குவார். அச்சுக்குரிய கட்டை தயாராகும்போது அசல் ஓவியம் அழிந்திருக்கும். தன் கையால் வரைந்தது தன் கண்முன் இல்லாமல் போவதைத் தொழில் நியதியாக ஏற்றுக்கொண்டு வரைந்தவர்கள் அந்தத் தலைமுறை ஓவியர்கள்.

1888, 1889 ஆண்டுகளில் 'செஞ்சுரி' இதழில் 'தூர மேற்கின் படங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய முழுப்பக்க ஓவியங்கள் தொடராக வந்தன. அவற்றில் ஒன்றில் பாசன வாய்க்கால் கரையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள். வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் வந்த பிறகு அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அந்த உருவம் சொல்லிவிடுகிறது. குளிர்காலத்தின் வருகையைக் காட்டும் இன்னொன்றில் ஆண் துப்பாக்கியோடு வெளியே நிற்க, பெண் குழந்தையோடு குடிசை வாசலில் நிற்கிறாள். அந்தத் துப்பாக்கியைக் கொண்டு ரெமிங்டன் ஒரு வீரக்கதை சொல்லியிருப்பார். மேரியின் படத்தில் அடுத்த சில மாதங்களுக்கு வீட்டில் சாப்பாடு இருக்குமா என்ற கவலை தெரிகிறது.

மேரி 1938இல் இறந்தார். தம் வாழ்க்கை நினைவுகளை எழுதி வைத்திருந்தார். அது அச்சேறாமல் கிடந்தது. தோழி ஹெலினாவுக்கு அவர் வாழ்நாள் முழுவதும் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தன. அந்தக் கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் எடுத்து வாலஸ் ஸ்டெக்னர் ஒரு நாவல் எழுதினார். 'ஆங்கிள் ஆஃப் ரிப்போஸ்' என்ற அந்த நாவல் 1971இல் வெளிவந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதில் பல பத்திகள் மேரியின் கடிதங்களிலிருந்து கிட்டத்தட்ட அப்படியே எடுக்கப்பட்டவை. நூலின் முன்பக்கத்தில் மேரியின் பெயர் இல்லை. குடும்பத்தினர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்ததாக ஸ்டெக்னர் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. நாவலில் வரும் பெண் ஓவியர் வேறோர் ஆணிடம் மனம் சாய்கிறாள். அவள் கவனம் தவறிய நேரத்தில் மகள் நீரில் மூழ்கி இறக்கிறாள். மேரியின் மகள் ஆக்னஸ் 1904இல் நோயுற்று இறந்தவள். ஒரு பெண்ணின் சொற்களை எடுத்துக்கொண்டு, பெயரை விட்டுவிட்டு, அவள் செய்யாத குற்றத்தையும் அவள் தலையில் ஏற்றியது அந்தப் புனைவு. மேரியின் சொந்த நினைவு நூல் 1972இல்தான் அச்சுக்கு வந்தது. நாவல் பரிசு பெற்ற அதே ஆண்டு.

*

காட்டுயிர்களுக்கு வருவோம். இங்கே ஓவியர் அல்லாத ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறேன். காரணம், அவர் படைத்ததும் நிலக்காட்சிதான். மார்த்தா மாக்ஸ்வெல் 1831இல் பிறந்தவர். ஆறு பிள்ளைகளோடு இருந்த மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு, 1860இல் தங்க வேட்டைக் கூட்டத்தோடு கொலராடோவுக்கு வந்தார். தம் நிலத்துக் குடிசையில் அத்துமீறிக் குடியேறிய ஒருவர் விலங்குகளைப் பாடம் செய்து வைத்திருந்ததைப் பார்த்து அந்தக் கலையில் ஆர்வம் கொண்டார். பிறகு தாமே மலைகளில் அலைந்து, வேட்டையாடி, தோலுரித்து, பதப்படுத்தினார். அக்காலத்தில் பாடம் செய்த விலங்குகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தனித்தனியாக நிறுத்துவதே பொது வழக்கம். மார்த்தா பாறை, செடி, நீர் என்று அவற்றின் வாழிடத்தையே உருவாக்கி அதனுள் விலங்குகளை நிறுத்தினார். 1874இல் போல்டர் நகரில் சொந்தமாக ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்.

1876இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. கொலராடோவின் பகுதியில் மார்த்தா ஒரு மலையையே எழுப்பி அதன்மேல் கரடி, மான், பறவைகளை வைத்தார். முன்னால் ஒரு பலகை. அதில் 'பெண்ணின் வேலை' என்று பொருள்படும் இரண்டே சொற்கள். பெண்ணின் வேலை என்றால் தையல், பூவேலை என்று பழகிய கூட்டம் அந்தப் பலகைமுன் திகைத்து நின்றது. இத்தனையையும் இவளே சுட்டாளா என்று கேட்டுக் கேட்டு அவரைச் சோர்வடையச் செய்தது. பறவையியலாளர் ராபர்ட் ரிட்ஜ்வே ஓர் ஆந்தை வகைக்கு அவர் பெயரைச் சூட்டினார். ஆனால் வருமானம் வரவில்லை. 1881இல் கடனோடு மார்த்தா இறந்தார். அவர் உருவாக்கிய தொகுப்பு பராமரிப்பின்றிச் சிதைந்து அழிந்தது. வாழிடத்தோடு விலங்கைக் காட்டும் முறை பின்னாளில் பெரிய அருங்காட்சியகங்களின் வழக்கமாயிற்று. அதன் வரலாற்றைச் சொல்லும்போது பலரும் ஆண்களின் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள்.

மேற்கின் விலங்குகளை ஐரோப்பாவில் இருந்தபடியே வரைந்த ஒருவரும் உண்டு. ரோசா போனர். பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஹானர் விருதைப் பெற்ற முதல் பெண் ஓவியர். குதிரைச் சந்தைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் நின்று விலங்குகளை வரைவதற்குக் கால்சட்டை வசதியாக இருந்தது. பெண் கால்சட்டை அணிய அன்றைய பாரிஸில் காவல்துறையின் எழுத்து அனுமதி தேவை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்த அனுமதிச் சீட்டை அவர் வாங்கி வைத்திருந்தார். 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின்போது பஃபலோ பில் தம் 'வைல்டு வெஸ்ட்' குழுவோடு வந்து முகாமிட்டார். அறுபத்தேழு வயதில் ரோசா அந்த முகாமுக்குப் போய்க் காட்டெருமைகளையும் குதிரைகளையும் லக்கோட்டா மக்களையும் வரைந்தார். கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகள் அதற்குள் ஆயிரம் என்ற அளவுக்குக் குறைந்திருந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் அமெரிக்கப் படை சுட்டுக் கொன்றது. அழிவின் விளிம்பில் நிறுத்தப்பட்ட ஓர் உலகம் பாரிஸில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் வேடிக்கையாக இருந்தது. ரோசாவின் அழகான ஓவியங்களைப் பார்க்கும்போது இந்தத் தேதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரோசாவுக்குப் புகழும் மாளிகையும் இருந்தன. 1875இல் கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களை வரைந்த ஆங்கிலேயப் பெண் மரியான் நார்த்துக்குத் தந்தைவழிச் செல்வம் இருந்தது, திருமணம் இல்லை. அவர் உலகம் சுற்றினார். இந்தியப் பயணத்தில் நம் தஞ்சாவூருக்கும் வந்து வரைந்தார். லண்டன் கியூ தோட்டத்தில் தம் செலவிலேயே கூடம் கட்டி எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை அங்கே நிரந்தரமாக வைத்துவிட்டார். வர்ஜீனியா வுல்ஃப் பின்னாளில் பேசிய அறையும் வருமானமும் ஓவியத்துக்கும் பொருந்தும் என்பதற்கு இவ்விருவரும் சான்று. அவை இல்லாத பெண் என்ன செய்தாள்?

*

ஆபி வில்லியம்ஸ் ஹில் கூடாரம் அடித்தார். 1861இல் ஐயோவா மாநிலத்தில் பிறந்து, சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஓவியம் பயின்றவர். 1889இல் மருத்துவரான கணவரோடு வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் குடியேறினார். உடலின் ஒரு பகுதி இயங்காத நிலையில் பிறந்த மகன் ஒருவன். தத்தெடுத்த மகள்கள் மூவர். 1903இல் கிரேட் நார்தர்ன் ரயில் நிறுவனம் தன் பாதையை ஒட்டிய மலைகளை வரைந்து தர அவரை அமர்த்தியது. மறு ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அந்த ஓவியங்களைக் காட்டிப் பயணிகளை ஈர்ப்பது நிறுவனத்தின் நோக்கம். ஆபிக்குக் கிடைத்த ஊதியம் பணம் அல்ல, ரயில் பயணச்சீட்டு. தனக்கும் பிள்ளைகளுக்குமாக.

அந்தப் பேரத்தை மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாற்றாகத் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு முக்கியமான பகுதியை ஆபி விட்டுக்கொடுக்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் ஓவியங்கள் அவரிடமே திரும்ப வேண்டும். அந்தக் கோடையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காஸ்கேட் மலைத்தொடருக்குப் போனார். கூடாரத்தில் தங்கி, சமைத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, காற்றிலும் பூச்சிக்கடியிலும் திறந்தவெளியில் நின்று வரைந்தார். ஏறத்தாழ இருபது எண்ணெய் ஓவியங்கள். அடுத்து நார்தர்ன் பசிபிக் நிறுவனத்துக்காக ஐடஹோ, மொன்டானா, யெல்லோஸ்டோன் என்று மூன்று கோடைகள். மோரன் படைவீரர் காவலோடு போன யெல்லோஸ்டோனுக்கு ஆபி பிள்ளைகளோடு போனார். வேறு பெண்கள் குழந்தை வளர்ப்பை ஓவியத்துக்குத் தடையாக எண்ணிக் கலங்கிய காலத்தில் அவர் குழந்தைகளை மலைக்கே கூட்டிச் சென்றார். பிறகு கணவர் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். பத்தாண்டுக்கும் மேல் ஆபியின் நாட்கள் அந்தப் பராமரிப்பில் கரைந்தன. கணவர் தேறியதும், அறுபது வயதைக் கடந்த நிலையில், காரில் புறப்பட்டு மேற்கின் தேசியப் பூங்காக்களை வரைந்தார்.

ஓவியங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டதால் அவை இன்றும் ஒரே தொகுப்பாக டகோமாவின் பியூஜெட் சவுண்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அதே காரணத்தால்தான் அவை சந்தைக்குப் போகவில்லை, விற்கவில்லை, பெயர் பரவவில்லை. கலை வரலாறு பெரும்பாலும் விலைப்பட்டியலின் பின்னால் நடக்கிறது. விற்காத பெண் அதில் இடம்பெற வெகுகாலம் ஆகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருக்குச் சீட்டுக் கொடுத்த ரயில் நிறுவனங்கள் பழங்குடி நிலங்களை ஊடறுத்துப் போனவை. குடியேறிகளையும் சுற்றுலாக்காரர்களையும் அங்கே கொட்டியவை. ஆபி பழங்குடி மக்களின் உருவப்படங்களையும் மரியாதையோடு வரைந்தார். ஆனாலும் அவருடைய மலைகள் விளம்பரமாகவும் பயன்பட்டன. பெண் பார்வை என்பதாலேயே அது குற்றமற்ற பார்வை ஆகிவிடாது.

ஜார்ஜியா ஓ'கீஃப்பைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க்கின் விமர்சகர்கள் அவருடைய பூக்களைப் பெண்ணுறுப்பாகவே படித்தார்கள். அவர் மறுத்தும் விடவில்லை. 1929இல் நியூ மெக்சிகோவுக்குப் போனார். கார் ஓட்டக் கற்று, ஃபோர்டு காரின் இருக்கையைத் திருப்பிப்போட்டு அதையே ஓவியக்கூடமாக்கினார். வெயிலில் வெளுத்த எலும்புகள், செம்மண் குன்றுகள், தட்டையான உச்சி கொண்ட பெடர்னல் மலை. பாலையை வறுமையின் குறியாகப் பார்க்காமல் நிறைவான நிலமாகப் பார்த்தவர். 1986இல், 98 வயதில் இறக்கும்வரை அந்த நிலமே அவர் ஊர். அவருடைய முகாம்களை நடத்தியவரும் அபிகியூ வீட்டைத் திரும்பக் கட்டி எழுப்பியவரும் மரியா சாபட் என்ற இன்னொரு பெண் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பெடர்னலை நிறைய முறை வரைந்தால் அது எனக்கே சொந்தம் என்று கடவுள் சொன்னதாக ஓ'கீஃப் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த மலை டேவா மொழி பேசும் பியூப்லோ மக்களுக்குப் பலநூறு ஆண்டுகளாகப் புனிதமானது.

அந்த மக்களிடையே பிறந்தவர் பாப்லிடா வெலார்டே. 1918இல் சான்டா கிளாரா பியூப்லோவில் பிறந்தார். சிறுவயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்து, சான்டா ஃபேயில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் அரசின் இந்தியப் பள்ளியில் டோரதி டன் நடத்திய ஓவிய வகுப்பில் சேர்ந்தார். அவருடைய ஊர் வழக்கப்படி பானை வனைவது பெண்ணின் வேலை. ஓவியம் ஆணுக்குரியது. பெண்ணுக்கு எதற்கு இது என்று ஊரும் கேட்டது. சான் இல்டஃபோன்சோவின் டோனிட்டா பேன்யா என்ற ஒரே ஒரு முன்னோடிப் பெண்ணின் உதாரணம்தான் அவருக்கு முன்னால் இருந்தது. 1930களின் இறுதியில் தொடங்கி பாண்டலியர் தேசிய நினைவிடத்துக்காகப் பியூப்லோ மக்களின் அன்றாட வாழ்வைப் பல பத்து ஓவியங்களாக வரைந்தார். சோளம் காயவைத்தல், வீட்டுச் சுவர் பூசுதல், சந்தை, சடங்கு, விளையாட்டு.

அவருடைய பிற்கால ஓவியங்கள் பலவும் மண்ணால் ஆனவை. பல நிறக் கற்களையும் மண்ணையும் தாமே தேடி எடுத்து, சோளம் அரைக்கும் அம்மியில் அரைத்து, பசையும் நீரும் கலந்து அடுக்கடுக்காகப் பூசுவார். மேற்கின் நிலத்தைத் தூரத்தில் நின்று மற்றவர்கள் வரைந்தார்கள். பாப்லிடா அந்த நிலத்தாலேயே வரைந்தார். பலவற்றில் அடிவானமே கிடையாது. நிலத்துக்குள் இருப்பவளுக்கு அடிவானம் தேவைப்படவில்லை. அம்மி பெண்களின் கருவி என்பதையும் கவனியுங்கள். சமையலறையிலிருந்து அவர் தப்பி ஓடவில்லை, அதன் கருவியை ஓவியத்துக்கு எடுத்து வந்தார். மகள் ஹெலன் ஹார்டினும் பேத்தி மார்கரெட் பேக்‌ஷாவும் ஓவியர்களானார்கள். தாய்வழியாக மூன்று தலைமுறை.

மொன்டானாவின் ஃப்ளாட்ஹெட் பழங்குடி நிலத்தில் 1940இல் பிறந்த ஜோன் க்விக்-டு-சீ ஸ்மித் இந்த வரலாற்றை இன்னொரு திசைக்குக் கொண்டுபோனார். நன்றாக வரைகிறாய், ஆனால் பெண் ஓவியராக முடியாது என்று இளமையில் ஓர் ஆசிரியர் சொன்னதை அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் மலையை விட்டுவிட்டு வரைபடத்தை வரைந்தார். 2000இல் வரைந்த ஓர் ஓவியத்தில் அமெரிக்க வரைபடத்தில் பழங்குடி மொழிகளிலிருந்து வந்த மாநிலப் பெயர்கள் மட்டும் நிற்கின்றன. மற்ற பெயர்கள் இல்லை, வண்ணம் வழிந்து ஓடுகிறது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் 2020இல் அவருடைய ஓவியம் ஒன்றை வாங்கியது. அமெரிக்கப் பழங்குடி ஓவியர் ஒருவரின் வண்ண ஓவியத்தை அது விலைகொடுத்து வாங்கியது அப்போதுதான் முதல்முறை. மோரனின் ஓவியத்தை நாடாளுமன்றம் வாங்கி 148 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்மித் 2025 ஜனவரியில் இறந்தார்.

இந்தப் பெண்களை ஒரே வரிசையில் நிறுத்திப் 'பெண் ஓவியம்' என்று ஒரு முத்திரை குத்துவது என் நோக்கம் அல்ல. ஆபியும் பாப்லிடாவும் ஒரே நிலத்தின் இரு கரைகளில் நின்றவர்கள். ஒருவருக்குக் கிடைத்த ரயில் சீட்டு மற்றவரின் மக்களுக்கு இழப்பு. ஆனால் நிலக்காட்சியைப் படிக்கும் மாணவிகளுக்கு இவர்கள் சில கேள்விகளைக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். இந்தக் காட்சியை வரைந்தவர் நின்ற இடத்தில் அவருக்குச் சோறு ஆக்கியது யார்? இந்த நிலத்தில் இருந்த மனிதர்கள் எங்கே? ஓவியம் யார் கைக்குப் போனது, கூலி யார் கைக்கு வந்தது? அவளுடைய கடிதங்கள் யாருடைய புத்தகத்தில் இருக்கின்றன? அடுத்த முறை ஒரு சிகரமும் ஏரியும் சுவரில் தொங்கக் கண்டால் கீழே இருக்கும் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு இந்தக் கேள்விகளையும் கேளுங்கள். மேற்கு மட்டும் அல்ல, எந்தத் திசையின் நிலத்துக்கும் இவை பொருந்தும்.